அரிசிப் பானைக்குள் ஓர் ஆய்வகம்

மாம்பழக்கூழ் ஆலைகளுக்குப் பேர்போன சித்தூரிலும், அலிபிரிப் பகுதியில் வட்டார அறிவியல் மையத்தைக் கொண்ட திருப்பதியிலும், ஆறாம் வகுப்பிலேயே பிள்ளையை ஐ.ஐ.டி. பயிற்சியில் சேர்க்கும் பெற்றோர் சிலர், அறிவியல் விளையாட்டுப் பெட்டி ஒன்றையும் வாங்கி, பிரித்தால் வீடு குப்பையாகும் என்று அலமாரியின் மேல் பத்திரப்படுத்துகின்றனர். அதே வீட்டில் பாட்டி அரிசிப் பானைக்குள் புதைத்த முற்றிய மாங்காயோ, கனிகள் தாமே வெளியிடும் எத்திலீன் என்னும் வாயு உள்ளேயே அடைபடுவதால் விரைந்து பழுக்கிறது. மற்றொரு காயை வெளியே வைத்து, நாள்தோறும் முகர்ந்தும் அழுத்தியும் ஒப்பிட்டால், கட்டுப்பாட்டு மாதிரியுடன், அதாவது ஒப்பீட்டுக்காக மாற்றமின்றி விடப்படும் பொருளுடன், கூடிய முறையான சோதனை அமைந்துவிடும். முடிவில் ஆய்வுப் பொருளையே தின்னலாம் என்ற சலுகை பயிற்சி மையங்களில் இல்லை. ஆயினும் பானையைத் திறக்கும் பிள்ளை, "போய்ப் படி" என்று விரட்டப்பட்டு, பழங்களைக் கனியவைக்கும் வாயு எத்திலீன் என்பதைப் பத்து முறை எழுதி மனப்பாடம் செய்கிறது.