எலி போடும் ஒரே ஓட்டு

காயம்பட்ட ஆந்தையையும் களைத்துப்போன பாட்டையும் தேறவைக்கும் முறைகள் குறித்த ஓர் ஒப்பாய்வு

1. ஆய்வுச் சிக்கல்

அடிபட்ட ஆந்தைக்குக் கட்டுப்போடுகிறவர்களும், இணையத்தில் கூடி அபிமானப் பாட்டுக்கு ஓட்டுப் போடுகிறவர்களும் அறிவுலகில் இதுவரை ஒரே பந்தியில் உட்கார்ந்ததில்லை. இரண்டு துறைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதே காரணமாகச் சொல்லப்படும். தொடர்பில்லை என்பதற்காக ஒப்பாய்வைக் கைவிடுவதென்றால் முனைவர் பட்டங்களில் பாதி நின்றுபோகும். ஆகவே இந்த ஆய்வேடு அத்தடையைப் பொருட்படுத்தவில்லை.

இரு தரப்பும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: இது தேறுமா? பாட்டின் விஷயத்தில் லட்சக்கணக்கானோர் கூடிப் பதில் சொல்கிறார்கள். சொல்லி முடித்த மறுநாளே சண்டை தொடங்கிவிடுகிறது. ஆந்தையின் விஷயத்தில் பதில் சொல்வது ஓர் எலி. அதன் தீர்ப்பை எதிர்த்து இன்றுவரை யாரும் மறு எண்ணிக்கை கேட்டதில்லை. இந்த வேறுபாட்டுக்கு என்ன காரணம் என்று ஆராய்வதே நோக்கம்.

2. வாக்காளப் பெருமக்கள்

பாட்டுக்கு ஓட்டுப் போடும் வழக்கம் இணையத்தோடு பிறந்ததல்ல. 1952-இல் இலங்கை வானொலியில் அமீன் சயானி தொடங்கிய பினாகா கீத்மாலா என்ற பாட்டு வரிசை நிகழ்ச்சிக்கு வட இந்தியாவில் ஊர் ஊராக நேயர் மன்றங்கள் இருந்தன. பாட்டுகளை வரிசைப்படுத்துவதில் இசைத்தட்டு விற்பனையோடு மன்றங்களின் குரலும் எடுபட்டது. இன்றைய ஜார்க்கண்டில் உள்ள ஜும்ரி தலையா என்ற மைக்கா சுரங்க ஊர், நேயர் விருப்பத்துக்குக் கார்டு எழுதிப்போட்டே நாடறிந்த ஊரானது. அன்று ஓர் ஓட்டின் விலை ஒரு தபால் கார்டு. கள்ள ஓட்டுப் போடுகிறவரும் கை வலிக்க எழுதியாக வேண்டும். அந்தக் கைவலிதான் அக்காலத்துத் தேர்தல் ஆணையம்.

இணையம் கைவலியை ஒழித்தது. விளைவைப் பிபிசி உலக சேவை அனுபவித்தது. தனது 70-ஆம் ஆண்டு நிறைவையொட்டி 2002-இல் உலகின் அபிமானப் பாட்டு எது என்று அது கேட்க, முதலிடத்துக்கு வந்தது அயர்லாந்தின் உல்ஃப் டோன்ஸ் குழு பாடிய 'எ நேஷன் ஒன்ஸ் அகெய்ன்'. 1840-களில் தாமஸ் டேவிஸ் எழுதிய அயர்லாந்து விடுதலைப் பாட்டு அது. ரசிகர்கள் மின்னஞ்சலில் ஆள் திரட்டியதன் பலனாக, பிரிட்டிஷ் ஒலிபரப்பு நிறுவனத்தின் பிறந்தநாள் பந்தலில், பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்து விடுதலை கேட்கும் பாட்டுக்கு மாலை விழுந்தது. இரண்டாமிடம் வந்தே மாதரம். மூன்றாமிடம் 'தில் தில் பாகிஸ்தான்'. எல்லைக்கோட்டின் இரு பக்கமும் அன்று விடிய விடிய வேலை நடந்திருக்கிறது என்று ஊகிப்பதில் தவறில்லை.

நான்காவதாக வந்தது 'தளபதி' (1991) படத்துக்கு இளையராஜா இசையமைத்த 'ராக்கம்மா கையத் தட்டு'. ஐந்தாவது, திருமலை சந்திரனின் 'பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது'. பாடகி செர் எட்டாவது. குயீன் குழுவின் 'பொஹீமியன் ராப்சடி' பத்தாவதாக வந்து டெபாசிட்டைக் காப்பாற்றிக்கொண்டது. உலகின் முதல் ஐந்து பாட்டில் இரண்டு தமிழ். உலகத்தின் காது தமிழ்ப் பக்கம் திரும்பிவிட்டதற்கு இதைச் சான்றாகக் கொள்ளலாம். இணையத்தொடர்பு கிடைத்த இடத்திலெல்லாம் தமிழர்கள் சும்மா இருக்கவில்லை என்பதற்கும் சான்றாகக் கொள்ளலாம். ராக்கம்மாவின் தகுதியில் இந்த ஆய்வேட்டுக்கு ஐயம் கிடையாது. ஐயமெல்லாம் முறையியலில்தான்.

ஆஸ்திரேலியாவின் ட்ரிபிள் ஜே வானொலி 1989 முதல் நேயர்களின் ஓட்டால் நூறு பாட்டுகளைத் தேர்ந்தெடுத்து வருகிறது. முதலிரண்டு ஆண்டும் ஜாய் டிவிஷன் குழுவின் 1980-ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்றே ஜெயித்தது. நேயர்களை அவர்கள் போக்கில் விட்டால் நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே மாட்டார் என்று கண்ட நிலையம், 1993 முதல் அந்தந்த ஆண்டுப் பாட்டுக்கு மட்டுமே ஓட்டு என்று விதியை மாற்றியது. பிறகு வேறு வகைச் சோதனை. அந்த நிலையம் சாதாரணமாக ஒலிபரப்பாத டெய்லர் ஸ்விஃப்டின் 'ஷேக் இட் ஆஃப்' பாட்டை வேண்டுமென்றே உள்ளே தள்ள இணையத்தில் ஒரு பிரசாரம் கிளம்பியது. வறுத்த கோழி விற்கும் கேஎஃப்சி நிறுவனமும் அதில் தன் விளம்பரத்தை ஒட்டிக்கொண்டது. 2015 ஜனவரியில் பாட்டின் வேட்புமனு தள்ளுபடியானது.

கோழி இந்த ஆய்வில் மீண்டும் வரும்.

3. நோயாளியின் இயல்பு

ஆந்தை மருத்துவமனைக்கு வரும் வழிகள் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றே: வண்டி, முள்கம்பி, கண்ணாடிச் சன்னல், பட்டத்தின் மாஞ்சா நூல், எலி மருந்து தின்ற எலி. வந்து சேர்ந்ததும் அது நன்றி காட்டுவதில்லை. அலகைச் சொடுக்கும். சிறகை விரித்துத் தன்னை இரட்டிப்பாக்கிக் காட்டும். கிடைத்த விரலில் நகத்தை இறக்கும். தனக்காக ஓட்டுக் கேட்டவர்களைப் பார்த்துக் கைகூப்பும் பாடகரிடமிருந்து ஆந்தை வேறுபடும் முதல் இடம் இது.

அதன் கண் நம் கண்ணைப்போல் உருண்டையல்ல, குழாய் வடிவம். எலும்பு வளையத்துக்குள் இறுகி நிற்பதால் விழியை உருட்ட முடியாது. அதற்கு ஈடாகக் கழுத்தில் 14 எலும்புகள், 270 பாகை வரை திரும்பும் வசதி. தலையில் பெரும்பங்கு கண்ணே என்பதால் வண்டி மோதினால் கண்ணின் பின்புறத்தில் இரத்தக்கசிவு எளிதில் ஏற்படுகிறது. எனவே இறக்கை எலும்பைப் பார்க்கும் வைத்தியர் கண்ணுக்குள்ளும் விளக்கடித்துப் பார்க்கிறார்.

இறகு ஒடிந்திருந்தால் தனி வைத்தியம். வேட்டைக்கு வல்லூறு வளர்ப்போர் நூற்றாண்டுகளாகச் செய்துவரும் கைவேலை அது: அதே இனப் பறவை உதிர்த்த, அதே இடத்து இறகை எடுத்து, மூங்கில் சிம்பு போன்ற மெல்லிய ஊசியை உள்ளே செருகி, ஒடிந்த தண்டோடு ஒட்டிவிடுவார்கள். ஆந்தைக்கு ஏதோ ஓர் இறகு போதாது. அதன் முன்னோர இறகில் சீப்புப் பல் போன்ற விளிம்பு உண்டு. காற்றின் இரைச்சலை அடக்க அது உதவுகிறது. சத்தம்போடும் ஆந்தை பட்டினி கிடக்கும். சத்தம்போடும் ரசிகர் மன்றமோ முதலிடம் பிடிக்கிறது. இந்தத் தலைகீழ் உறவை மேற்கொண்டு ஆராய நிதி தேவை.

உணவைப் பொறுத்தவரை எலும்பு நீக்கிய இறைச்சி மட்டும் கொடுத்தால் ஆந்தைக்கு ஆகாது. முழு எலியோ ஒரு நாள் வயதுக் கோழிக்குஞ்சோ வேண்டும். (ஆக, ஆஸ்திரேலியத் தேர்தலைப் போலவே இங்கும் கோழிக்குப் பங்கு இருக்கிறது.) எலும்பையும் ரோமத்தையும் அது உருண்டையாகக் கக்கினால், வயிறு ஒழுங்காக வேலை செய்கிறதென்று வைத்தியருக்கு நிம்மதி. விமர்சகர்கள் இதே செயலைப் பாட்டின்மீது செய்யும்போது யாருக்கும் நிம்மதி ஏற்படுவதில்லை.

4. எலித் தேர்வு

எலும்பு கூடி, இறகு பொருந்தி, நீண்ட பறப்புக்கூண்டில் ஆந்தை சத்தமின்றிப் பறந்தாலும் விடுதலை கிடைக்காது. அமெரிக்க மையங்கள் பலவற்றில் கடைசித் தேர்வொன்று உண்டு. கூண்டின் தரையில் சருகைப் பரப்பி, உயிருள்ள எலியை விட்டு, ஆள்கள் விலகிவிடுகிறார்கள். காலையில் எலி இருந்தால் ஆந்தை தோல்வி. எலி இல்லையென்றால் வெற்றி.

இதன் தேர்தலியல் சிறப்புகளைக் கவனிக்க வேண்டும். வாக்காளர் ஒருவர், வாக்கு ஒன்று. வாக்காளருக்கு வேட்பாளர்மீது துளியும் அபிமானம் கிடையாது. எந்தக் கட்சியும் அவரை விலைக்கு வாங்க முடியாது. இரண்டாவது முறை ஓட்டுப் போட வரமாட்டார்.

இருட்டில் ஆந்தை எலியை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்கர் ரோஜர் பெய்ன். முழு இருட்டிலும் கூகை ஒலியை மட்டும் கொண்டே பாயும் என்று அவர் நிறுவினார். சருகின் மீது இழுக்கப்பட்ட காகித உருண்டையையும் அது பாய்ந்து பிடித்தது. கூகையின் இரு காதுகளும் ஒரே உயரத்தில் இல்லை. அந்த ஏற்றத்தாழ்வுதான் ஒலி மேலிருந்து வருகிறதா கீழிருந்து வருகிறதா என்று காட்டிக்கொடுக்கிறது. இதே பெய்ன்தான் பிறகு கடலுக்குப் போய்த் திமிங்கிலங்களின் பாட்டைப் பதிவுசெய்து 1970-இல் இசைத்தட்டாகக் கொண்டுவந்தவர். 1979 ஜனவரியில் 'நேஷனல் ஜியாகிரஃபிக்' இதழ் அந்தப் பாட்டுகளை வளையும் தட்டில் பதித்து ஒரு கோடிக்கும் மேற்பட்ட பிரதிகளோடு அனுப்பியது. ஆந்தையியலையும் பாட்டியலையும் ஒரே ஆயுளில் முடித்த அறிஞர் ஒருவர் இருந்திருக்கிறார் என்பது இந்த ஒப்பாய்வுக்குக் கிடைத்த ஒரே கண்ணியமான முன்மாதிரி.

5. இடைப்பட்ட இனம்

பறவைக்கே பாட்டைப்போல் ஓட்டுப் போட்டால் என்ன ஆகும்? நியூசிலாந்தில் ஃபாரஸ்ட் அண்ட் பேர்ட் அமைப்பு 2005 முதல் 'ஆண்டின் பறவை' தேர்தலை நடத்திவருவதால் இதற்குக் கற்பனை தேவையில்லை. 2018-இல் நீர்க்காகத்துக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து முந்நூற்றுக்கும் மேற்பட்ட கள்ள ஓட்டு. 2020-இல் சின்னப் புள்ளிக் கிவிக்கு ஒரே இரவில் சுமார் 1,500 கள்ள ஓட்டு. இரண்டும் நீக்கப்பட்டன. 2021-இல் வென்றது பறவையே அல்ல, நீள்வால் வௌவால். 2023-இல் 'நூற்றாண்டின் பறவை' என்று பெரிதுபடுத்தியபோது, ஜான் ஆலிவர் என்ற தொலைக்காட்சி நகைச்சுவையாளர் கொண்டைமுக்குளிப்பானுக்காகக் களம் இறங்கினார். பாரிஸ் முதல் மும்பைவரை விளம்பரப் பலகை வைத்தார். அந்தப் பறவைக்கு 2,90,374 ஓட்டு. நியூசிலாந்தில் வாழும் அந்த இனமே ஆயிரத்துக்குள்தான். இரண்டாமிடம் பெற்ற கிவிக்குக் கிடைத்தது 12,904.

அந்நாட்டின் சொந்த ஆந்தையான ரூரு, முதல் இருபது ஆண்டுகளில் ஒருமுறைகூட வெல்லவில்லை. வௌவால் ஜெயித்த தொகுதியில் ஆந்தை தோற்றிருக்கிறது. இருட்டில் பறப்போர் ஓட்டு பிரிந்துவிட்டது என்ற விளக்கம் ஏற்கத்தக்கது.

6. மறுப்புகளும் விடைகளும்

அன்பு மிகுந்தால் ஆந்தை தேறாதா என்று கேட்கலாம். 1850-இல் ஏதென்ஸின் பார்த்தினான் கோயிலருகே கூட்டிலிருந்து விழுந்து, சிறுவர்கள் கையில் அகப்பட்ட ஆந்தைக்குஞ்சு ஒன்றை ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் மீட்டார். அதீனா என்று பெயரிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றினார். 1854-இல் கிரிமியப் போருக்குப் புறப்படும் பரபரப்பில் கவனிப்பாரின்றி அது இறந்தது. பாடம்செய்யப்பட்ட உடல் லண்டனில் அவர் பெயரிலான அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மனிதரையே தாயாக எண்ணி வளரும் குஞ்சு காட்டுக்குத் திரும்ப முடியாது. அதனால்தான் இன்று வைத்தியர்கள் முகத்தை மறைத்து, ஆந்தைத்தலைப் பொம்மையைக் கையில் மாட்டிக்கொண்டு குஞ்சுக்கு ஊட்டுகிறார்கள். ரசிகருக்கு முகம் காட்டாமல் பாட்டை வளர்க்கும் முறை இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

எலித் தேர்வில் முறைகேடே கிடையாதா என்ற கேள்வி கடினமானது. 2023 பிப்ரவரி 2 அன்று நியூயார்க் சென்ட்ரல் பார்க் விலங்குக்காட்சிசாலையில் யாரோ கூண்டின் வலையை அறுக்க, ஃப்ளாக்கோ என்ற யூரேசியக் கொம்பன் ஆந்தை வெளியேறியது. ஆயுள் முழுதும் கூண்டில் இருந்த அது பட்டினியில் செத்துவிடும் என்று எல்லோரும் பயந்தார்கள். சில நாளில் தானே எலி பிடிக்கத் தொடங்கியது. பிடிக்க வந்தவர்களும் முயற்சியைக் கைவிட்டார்கள். ஓராண்டு கழித்து, 2024 பிப்ரவரி 23 அன்று, மன்ஹாட்டனில் ஒரு கட்டடத்தருகே விழுந்து இறந்தது. உடற்கூறாய்வில் புறாக்களிடமிருந்து தொற்றிய கடும் வைரஸ் நோயும், இரத்தம் உறையாமல் செய்யும் நான்கு வகை எலி மருந்தும் தெரியவந்தன. எலி தன் ஓட்டை நேர்மையாகத்தான் போட்டது. அதற்கு முன்பே எலிக்கு யாரோ பணம் கொடுத்திருக்கிறார்கள். இந்த இடத்தில் ஆய்வேடு தன் கருதுகோளைச் சற்றுத் தளர்த்திக்கொள்கிறது.

7. பரிந்துரைகள்

(அ) பாட்டுத் தேர்தல்களில் கைவலி மீண்டும் கட்டாயமாக்கப்பட வேண்டும். ஓட்டு ஒன்றுக்கு ஒரு தபால் கார்டு, சொந்தக் கையெழுத்தில்.

(ஆ) பாட்டையும் இருட்டில் விட்டுப் பார்க்க வேண்டும். படம், நடிகர், இசையமைப்பாளர், ஆண்டு எதையும் சொல்லாமல், அந்த மொழியே தெரியாத ஒருவர் காதில் விட்டுவிட்டு விலக வேண்டும். மறுநாள் காலை அவர் அதை முணுமுணுத்தால் வெற்றி.

(இ) அடிபட்ட ஆந்தையைக் காண்போர் தடித்த துண்டைப் போர்த்தி, நகத்துக்குக் கை கொடுக்காமல் தூக்கி, காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து மூடிவிட்டு வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். வீட்டில் வைத்துக்கொள்வது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பால், சோறு, அலகைத் திறந்து ஊற்றும் தண்ணீர் எதுவும் கூடாது. பெட்டி இருக்கும் அறையில் வானொலியோ தொலைக்காட்சியோ ஓடக்கூடாது. பயந்த ஆந்தைக்கு எந்தப் பாட்டும் தொல்லையே. அந்நேரம் அபிமானப் பாட்டுக்கான ஓட்டு எண்ணிக்கை நடந்துகொண்டிருந்தால், முடிவு தெரிந்தாக வேண்டியவர்கள் அடுத்த வீட்டுக்குப் போய்க் கேட்டுக்கொள்ளலாம்.