தலைநகரமும் பட்டிக்காடுதான்

ஆஸ்திரேலியாவின் தலைநகரம் எது என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளையைக் கேளுங்கள், கான்பெரா என்று சொல்லும். அந்த நாட்டுக் குடிவரவுத் துறையைக் கேளுங்கள், கான்பெரா ஒரு ‘ரீஜனல்’ ஊர் என்று சொல்லும். நாடாளுமன்றம் அங்கே, உச்ச நீதிமன்றம் அங்கே, உலக நாடுகளின் தூதரகங்கள் அங்கே. இருந்தும் பட்டிக்காடு! அப்படி எழுதி வைத்திருக்கும் துறையின் தலைமையகமும் அதே பட்டிக்காட்டில்தான் இருக்கிறது.

2019 நவம்பர் 16 இல், வெளிநாட்டுத் திறமைசாலிகளை ரீஜனல் ஊர்களுக்கு அனுப்ப 491 என்றொரு விசா பிறந்தது, கூடவே 494. அன்றுமுதல் சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன் மூன்றும் நகரம். மிச்சமுள்ள கண்டம் முழுவதும் ரீஜனல். 20 லட்சம் பேருக்கு மேல் வாழும் பெர்த் ரீஜனல். அடிலெய்ட் ரீஜனல். கடற்கரையோரம் அடுக்குமாடிகள் வரிசைகட்டி நிற்கும் கோல்ட் கோஸ்ட்டும் ரீஜனல். ஊருக்கு மருத்துவமனை, பள்ளிக்கூடம், ரயில் எல்லாம் கொடுத்து நகரமாக்கப் பணம் வேண்டும். நகரத்தைப் பட்டிக்காடு என்று அறிவிக்க ஒரு கையெழுத்துப் போதும். சிக்கன நிர்வாகம் என்றால் இதுதான்.

பெர்த்தைப் பட்டியலில் சேர்த்தது வருகிறவனுக்கு நல்லதுதானே, உனக்கென்ன வயிற்றெரிச்சல் என்று கேட்பீர்கள். வருகிறவனுக்கு நல்லதுதான். ஆனால் எந்தக் குக்கிராமத்தைக் காட்டி இந்தத் திட்டத்தை விற்றார்களோ, அந்தக் குக்கிராமம் இப்போது பெர்த்தோடு போட்டி போட வேண்டும். யார் ஜெயிப்பார்கள் என்று சொல்ல நிபுணர் குழு தேவையில்லை.

சரி, 491 இல் பட்டிக்காட்டுக்குப் போகத் துணிந்தவனை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? பாயிண்ட்ஸ் போட்டு. குறைந்தது 65 வேண்டும். அது வரிசையில் நிற்பதற்கு மட்டும். வயது 25 முதல் 32 வரை என்றால் 30 பாயிண்ட். 33 ஆவது பிறந்தநாளுக்குக் கேக் வெட்டினால் 5 போச்சு. 40 ஆனால் இன்னும் 10 போச்சு. 45 ஆகிவிட்டால் நீங்கள் ஆளே இல்லை.

கல்யாண விஷயத்தில் இந்த அட்டவணைக்கு நம்மூர்த் தரகர்களைவிடக் கூர்மையான கண். துணையே இல்லாதவனுக்கு 10. பட்டியலில் உள்ள தொழிலும் ஆங்கிலமும் தெரிந்த துணை இருந்தால் 10. ஆங்கிலம் மட்டும் தெரிந்த துணைக்கு 5. இரண்டும் வராத மனைவிக்கு 0. பிள்ளைகளை வளர்த்து, மாமியாரைப் பார்த்துக்கொண்டு, கணவனின் படிப்புக்காகக் கழுத்துச் சங்கிலியை அடகுவைத்த பெண்ணின் மதிப்பு, அவள் இல்லாமலே இருப்பதைவிடப் பத்துப் பாயிண்ட் கம்மி. இப்படிக் கணக்குப் போடும் ஆட்சியாளர்கள்தான் தேர்தல் வந்தால் குடும்பத்தின் பெருமையைப் பற்றித் தொண்டை கட்டப் பேசுகிறார்கள்.

இளங்கலைப் பட்டத்துக்கு 15 பாயிண்ட். ரீஜனல் ஊருக்குப் போக ஒப்புக்கொண்டு மாநிலத்தின் பரிந்துரை வாங்கினால் அதற்கும் அதே 15. நாலு வருஷம் என்ஜினியரிங் படித்த களைப்பும், சிட்னிப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்ற சத்தியமும் தராசில் சமம்.

தமிழுக்கும் விலை உண்டு. நாட்டி என்ற அமைப்பு நடத்தும் சமூகமொழித் தேர்வில், தமிழிலும் ஆங்கிலத்திலும் நடக்கும் உரையாடலை மாற்றி மாற்றிச் சொல்லித் தேறினால் 5 பாயிண்ட். கட்டணம் பல நூறு டாலர். தேறியபின் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்க்கலாமா? முடியாது, அந்த வேலைக்குத் தகுதித் தேர்வு வேறு. பாயிண்டுக்காகவே பிறந்து பாயிண்டோடு முடிந்துபோகிற தேர்வு இது. வயலில் நிற்கும் யாருக்கும் இதனால் ஒரு பைசா பிரயோசனம் இல்லை.

இப்படிச் சலித்துப் புடைத்து எடுத்த திறமைசாலி வந்து இறங்குகிறான். அவன் கணக்காளன்தான் என்று சான்றிதழ் கொடுக்க ஒரு அமைப்பு தனியாகக் காசு வாங்கியிருக்கிறது. வேலைக்குப் போனால், ‘உள்ளூர் அனுபவம் உண்டா?’ என்கிறார்கள். போன வாரம் வந்தவனுக்கு ஏது உள்ளூர் அனுபவம்? கணக்காளன் பெட்ரோல் பங்கில் நிற்கிறான், என்ஜினியர் டாக்சி ஓட்டுகிறான், பள்ளி ஆசிரியை முதியோர் இல்லத்தில் இரவு ஷிஃப்ட் பார்க்கிறாள். அந்த வேலைகளில் கேவலம் ஒன்றுமில்லை. கேவலம், அவர்களை ‘திறன்சார் குடியேறிகள்’ என்று புள்ளிவிவரத்தில் எழுதிப் பெருமைப்படுவதில் இருக்கிறது. 491 விசா என்ன வேலை பார்க்கிறாய் என்று பொதுவாகக் கேட்பதில்லை. எந்த அஞ்சல் எண்ணுக்குள் பார்க்கிறாய் என்றுதான் கேட்கும். வீடு மாறினால், வேலை மாறினால் 14 நாளுக்குள் அறிவிக்க வேண்டும். எல்லையைத் தாண்டிக் குடிபோனால் பிஆர் என்ற நிரந்தரக் குடியிருப்புக் கனவு அம்போ.

இப்போது இந்தத் திட்டத்தின் உச்சக்கட்டச் சாமர்த்தியத்துக்கு வருவோம். ஆஸ்திரேலியா ஆண்டுதோறும் ‘நிரந்தரக் குடியேற்றத் திட்டம்’ என்று ஒரு எண்ணை அறிவிக்கும். 2024-25 க்கு 185,000. அதில் ரீஜனல் பிரிவுக்கு 33,000. அந்த 33,000 பேர் யார்? 491, 494 விசாக்காரர்கள். ஐந்து வருஷத் தற்காலிக விசாவில் வந்தவர்கள்! நாட்டுக்குக் கணக்குக் காட்டும்போது அவன் நிரந்தரம். அவன் உரிமை கேட்கும்போது தற்காலிகம். மொய்ப் பணத்தை வாங்கி நோட்டில் பெயரையும் எழுதிக்கொண்டு, ‘பந்திக்கு மூன்று வருஷம் கழித்து வா’ என்று வாசலில் நிறுத்தும் கல்யாண வீட்டை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? மொய் என்ன சும்மாவா? விண்ணப்பக் கட்டணம் மட்டுமே நாலாயிரம் டாலருக்கு மேல்.

வாசலில் நிற்கிறவனுக்கு இன்னொரு மரியாதையும் நடந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் 2027 மார்ச் 31 வரை, தற்காலிக விசாக்காரர்கள் ஏற்கெனவே கட்டிய வீட்டை வாங்கக்கூடாது என்று தடை. சிலருக்கு விலக்கு உண்டு. பொதுவாக 491 காரனுக்கு இல்லை. ஆக, அரசு அவனிடம் சொல்வது இதுதான்: அந்த ஊரில் வேர்விடு, பிள்ளையைப் பள்ளியில் சேர், வரி கட்டு, கால்பந்து கிளப்பில் சேர்ந்து உழை, ஆனால் தெருக்கோடியில் விற்பனைக்கு நிற்கும் பழைய வீட்டைத் தொடாதே, நீ அந்நியன். வேரை மட்டும் விட வேண்டுமாம், மண்ணைத் தொடக்கூடாதாம்.

மூன்று வருஷம் இப்படி இருந்து, மூன்று வருஷ வரிச் சான்றும் வைத்திருந்தால் 191 என்ற பிஆர் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். திட்டத்தை அறிவித்தபோது, வருஷத்துக்கு 53,900 டாலர் வருமானம் காட்ட வேண்டும் என்றார்கள். அந்த எண்ணைப் பிடிக்க இரண்டு வேலை, மூன்று வேலை என்று ஓடினார்கள். 2022 நவம்பரில் 191 இன் கதவு திறந்தபோது அந்த வருமான வரம்பே இல்லை. நல்ல மாற்றம்தான். ஆனால் தூங்காத ராத்திரிகளுக்கு யார் பொறுப்பு? அதற்கு எந்தப் படிவமும் இல்லை.

494 காரனின் கதை இன்னும் இறுக்கம். அவன் ஊரோடு மட்டுமல்ல, முதலாளியோடும் கட்டப்பட்டவன். வேலை போனால் புதிய ஸ்பான்சரைத் தேட 180 நாள். 2024 ஜூலைக்கு முன் 90 நாள்தான். சம்பளம் குறைகிறது, ஓவர்டைம் காசு வரவில்லை என்று முணுமுணுத்தால், ‘பிஆர் வேண்டாமா?’ என்ற ஒரே கேள்வி போதும், முணுமுணுப்பு அடங்கிவிடும். ஸ்பான்சர்ஷிப்புக்குக் காசு வாங்குவது 2015 டிசம்பரிலிருந்து சட்டப்படி குற்றம். விசாவைக் காட்டி மிரட்டுவதும் 2024 ஜூலையிலிருந்து குற்றம். சட்டப் புத்தகம் ஜோராக இருக்கிறது. புகார் கொடுக்க வேண்டியவன் அடுத்த பிஆர் விண்ணப்பத்துக்காகக் கைகட்டி நிற்கிறான்.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்து, 1947 முதல் ஐரோப்பிய அகதிகளைக் கப்பலில் ஏற்றி வந்தபோதும் இதே வித்தைதான். அரசு சொன்ன ஊரில், சொன்ன வேலையில் இரண்டு வருஷம். டாக்டரும் வக்கீலும் ‘கூலியாள்’, பெண்கள் ‘வீட்டு வேலைக்காரி’ என்று பதிவானார்கள். அன்று இரண்டு வருஷம், இன்று மூன்று. முன்னேற்றம்!

டாக்டர்களுக்கு இன்றும் தனிச் சட்டம். வெளிநாட்டில் படித்த டாக்டர், அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரில் பணம் பெற வேண்டுமானால், பொதுவாக 10 வருஷம் டாக்டர் பற்றாக்குறை உள்ள பகுதியில்தான் வேலை பார்க்க வேண்டும். ஊர் தொலைவாகத் தொலைவாகத் தண்டனைக் குறைப்பும் உண்டு. இப்படி ஒரு ஜெர்மன் டாக்டர் குடும்பத்தோடு விக்டோரியாவின் ஹார்ஷம் என்ற ஊருக்கு வந்தார். ஊர் கொண்டாடியது. 2008 இல் பிஆர் கேட்டார். மறுத்தார்கள். காரணம், அவருடைய மகனுக்கு டவுன் சிண்ட்ரோம். பொதுச் செலவு கூடுமாம். நோயாளிகளுக்கு வைத்தியம் பார்க்க அப்பா வேண்டும், பிள்ளை மட்டும் வேண்டாம். நாடே கொதித்தபின் அமைச்சர் தலையிட்டு அனுமதி கொடுத்தார். டாக்டரின் பிள்ளைக்காக ஊர் கொதிக்கும். கோழி வெட்டுகிறவனின் பிள்ளைக்கு யார் கொதிப்பார்கள்?

வெள்ளைத் தோல் இளைஞர்களுக்கும் பண்ணை வேலை உண்டு, அதனால் பாகுபாடு இல்லை என்பார்கள். ஆமாம், விடுமுறை விசாவில் வருகிறவர்கள் இரண்டாம் வருஷம் தங்க 88 நாள் ரீஜனல் வேலை பார்க்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் அது தேவையில்லை. வணிக ஒப்பந்தமாம். பழம் பறிப்பதிலும் பரம்பரை பார்க்கிறார்கள்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம், பிலோயீலாவை மறக்கச் சொல்லாதவரை. குவின்ஸ்லாந்தின் நடுவே இருக்கும் சின்ன ஊர் அது. தனித்தனியே படகில் வந்த இரண்டு ஈழத் தமிழர்கள் ஆஸ்திரேலியாவில் கல்யாணம் செய்து அங்கே குடியிருந்தார்கள். கணவருக்கு இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. இரண்டு பெண் குழந்தைகள் அந்த நாட்டிலேயே பிறந்தவர்கள். அக்கம்பக்கத்தார் அவர்கள்மேல் உயிரையே வைத்திருந்தார்கள். திட்டம் கேட்கிற எல்லாம் அங்கே இருந்தது: குக்கிராமம், உள்ளூர்க்காரன் தயங்கும் வேலை, தங்க ஆசை, தங்கவைக்க ஆசைப்படும் ஊர்.

2018 மார்ச் 5 விடிகாலையில் அதிகாரிகள் வந்து கதவைத் தட்டினார்கள். தாயின் விசா முந்தின நாள் முடிந்திருந்தது. குடும்பத்தைத் தூக்கிக்கொண்டு போய் மெல்பர்ன் தடுப்பு முகாமில் அடைத்தார்கள். 2019 ஆகஸ்டில் நாடுகடத்த விமானத்தில் ஏற்றினார்கள். பறக்கும்போதே நீதிமன்றத் தடை வந்து டார்வினில் இறங்கியது. பிறகு கிறிஸ்மஸ் தீவு. 2021 இல் சின்னக் குழந்தை நோய்முற்றிப் பெர்த் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்படும்வரை அங்கேயே. ஊரார் விடாமல் போராடினார்கள். ஆட்சி மாறி, 2022 ஜூனில் குடும்பம் பிலோயீலாவுக்குத் திரும்பியது. ஆகஸ்டில் பிஆர் கிடைத்தது. ‘கிராமத்துக்கு ஆள் வேண்டும்’ என்று உலகமெல்லாம் கூவிக்கொண்டே, கிராமத்தில் இருந்த நாலு பேரைப் பிடுங்கி எறியப் பல மில்லியன் டாலரைச் செலவழித்தது அரசு. 491 பிறந்த 2019 நவம்பரில் இந்தக் குழந்தைகள் தீவுச் சிறையில் இருந்தார்கள்.

அரசை மட்டும் திட்டிவிட்டுப் போனால் பாதிப் பாவம் தப்பிவிடும். நம்மவர்களில் சிலர் அன்று என்ன சொன்னார்கள்? ‘நாங்கள் முறையாக வந்தோம், அவர்கள் படகில் வந்தார்கள்.’ பாயிண்ட் கூட்டிப் பார்த்து வந்தவன், உயிரைக் கையில் பிடித்து வந்தவனைப் பார்த்து மூக்கைச் சுளிக்கிறான். பிஆர் கிடைத்த மறுவாரம் மெல்பர்னுக்கு மூட்டை கட்டியவர், புதிதாக வருகிறவனுக்கு, ‘மூன்று வருஷம்தானே, பல்லைக் கடித்துக்கொள் தம்பி’ என்று உபதேசிக்கிறார். பல்லைக் கடித்து இருந்த ஊர் எப்படி வளரும் என்று அவரும் கேட்பதில்லை, அனுப்பிவைத்த ஏஜென்டும் கேட்பதில்லை.

ஒரு ஊரில் மனிதன் தங்க வேண்டுமானால் அங்கே பிரசவம் பார்க்க ஆஸ்பத்திரி வேண்டும், பிள்ளைக்கு நல்ல பள்ளி வேண்டும், படிப்புக்கேற்ற வேலை வேண்டும், வாங்க ஒரு வீடு வேண்டும். போனால் விசா போகும் என்ற மிரட்டல் இவற்றில் எதற்கும் ஈடாகாது. ஆள் வேண்டும் என்று அழைக்கிறவன் முதல் நாளே பிஆர் கொடுத்து அழைக்க வேண்டும். நிரந்தரக் கணக்கில் எழுதிய ஆளை நிரந்தரமாகவே நடத்த வேண்டும். இது சலுகை இல்லை, வாங்கிய மொய்க்கு மரியாதை.

ஆஸ்திரேலியாவில் வாக்களிப்பது கட்டாயம். குடியுரிமை வாங்கிய தமிழர்கள் எப்படியும் வரிசையில் நின்று வாக்குப் போடத்தான் போகிறீர்கள். பொங்கல் விழாவுக்கு வந்து வேட்டி கட்டிப் படம் எடுத்துக்கொள்ளும் வேட்பாளரிடம், சால்வை போர்த்துவதற்கு முன்னால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: 33,000 பேரை நிரந்தரம் என்று எழுதிவிட்டு ஏன் தற்காலிகமாக வைத்திருக்கிறீர்கள்? பதில் சொல்லாதவருக்குச் சால்வையும் வேண்டாம், வாக்கும் வேண்டாம்.