பதினொன்றாம் இடத்து இரட்டைக் கோடு

மணி கேட்டவனுக்கு மணியைச் சொல்லி அனுப்புவதுதான் மனுஷ வழக்கம். எங்கள் கடிகாரக் கனவானோ, முதலில் சட்டைக் கையை இரண்டு மடிப்பு மடித்து, மணிக்கட்டை வெளிச்சத்துக்குத் திருப்பி, கேட்டவன் முகத்தைத் தீர்க்கமாக ஒருமுறை பார்த்துவிட்டு, "தம்பி, பதினொன்றாம் இடத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள்" என்று ஆரம்பிப்பார். அந்த ஆரம்பத்துக்கு முடிவு கிடையாது என்பதை அறியாமல் அவர் கையில் அகப்பட்டு, கண்டி குட்செட் பஸ் நிலையத்தில் கம்பளை பஸ்ஸைத் தவறவிட்டவர்களில் அடியேனும் ஒருவன்.

கடிகாரம் சுவிஸிலுள்ள மைத்துனர் கொண்டுவந்து கொடுத்தது. தெலோனியஸ் மங்க் என்ற அமெரிக்க ஜாஸ் பியானோ மேதையின் நூற்றாண்டை முன்னிட்டு, 2017இல் ஓரிஸ் கம்பெனியார் ஆயிரமே ஆயிரம் செய்து நிறுத்திக்கொண்டார்கள். மற்ற மணிகளுக்கெல்லாம் ஒற்றைக் கோடிருக்க, பதினொன்றுக்கு மாத்திரம் இரண்டு கோடுகள். பியானோவின் ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவே ஒளிந்திருக்கும் ஸ்வரத்தைத் தேடி, பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளைச் சேர்த்து அழுத்துவது மங்கின் வழக்கமாம். அதற்கு அடையாளமாம் அது. இத்தனையும் நான் படித்துத் தெரிந்துகொண்டதல்ல, பஸ்களைப் பறிகொடுத்துச் சம்பாதித்த ஞானம்.

"ஆயிரத்தில் ஒன்று" என்று அவர் ஒருநாள் தேநீர்க் கடையில் பெருமைப்பட்டபோது, கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த தேநீரை நிறுத்தி, "ஏங்க, நம்ம நாவலப்பிட்டியில பொறந்த எம்.ஜி.ஆருக்கும் 1917தானே? ஆயிரத்தில் ஒருவன் அவருதானுங்களே, அவருக்கு வாட்ச் போடலயா?" என்று வெகு வினயமாகக் கேட்டார். கனவான் அன்றிலிருந்து வேறு கடையில் தேநீர் குடிக்கிறார்.

கட்டுக்கலையில் ஒரு கல்யாணம். முகூர்த்தம் நெருங்க, குருக்கள் நிமிர்ந்து, "நேரம் என்ன?" என்று பொதுவாகச் சபையைக் கேட்டார். சபை முழுதும் திடுக்கிட்டுத் திரும்பியது. அதற்குள் சட்டைக் கை மடிந்துவிட்டது. குருக்களுக்கு ஆரம்பித்த உபாக்கியானம், மணமகளின் மாமாவைத் தாண்டி, இசையறிந்தவராயிற்றே என்ற மதிப்பினால் நாதஸ்வர வித்துவானிடம் போய் நின்றது. வித்துவான் சீவாளியை உதட்டிலிருந்து எடுத்து, பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ரெண்டு ஸ்வரத்துக்கு நடுவில இருக்கிறதா? அதைத்தானே ஐயா விடியக்காலையிலிருந்து ஊதிக்கொண்டிருக்கிறேன்!" என்று சொல்லி மறுபடி ஊதத் தொடங்கினார். தாலி, யாரோ ஒரு பையனின் கைத்தொலைபேசி சொன்ன நேரத்தில் ஏறியது.

சரி, ரஸிகராகவாவது இருக்கிறாரா என்றால் அதுவும் இல்லை. என் மருமகன் ஒருநாள் மங்கின் வாசிப்பை அவருக்குக் கேட்கப் போட்டான். இரண்டு நிமிஷம் முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தவர், "யாரப்பா இது, பியானோவுக்குச் சுருதி சேர்க்கக் கூடாதா?" என்றார்.

எனக்குள்ள மனத்தாங்கலை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தக் கடிகாரம் பெரும்பாலும் ஓடுவதே இல்லை. கண்டி மழைக்குப் பயந்து அதை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறார். கையசைவினால் முறுக்கேறும் யந்திரமாகையால், கழற்றி வைத்தால் 38 மணி நேரத்தில் நின்றுவிடுகிறது. பிறகு விசேஷ நாளில் அதைக் கட்டிக்கொண்டு, பஸ் நிலையத்தருகே மணிக்கூண்டின் கீழ் நின்று, அண்ணாந்து பார்த்து முள்ளைத் திருத்திக்கொள்கிறார். மகனைப் பறிகொடுத்த ஒரு தகப்பன் அவன் ஞாபகார்த்தமாக எழுப்பி, 1950இல் திறக்கப்பட்ட கூண்டு அது. ஊர் முழுவதும் பார்க்கும்படி நிற்கிற அந்த ஞாபகார்த்தம் நேரத்தைச் சொல்லுவதோடு நிறுத்திக்கொள்கிறது.

போன வாரம் மாலை, வாவிக்கரைச் சுவரோரமாக நடந்துகொண்டிருந்தேன். கனவான் தன்னந்தனியே வாகை மர நிழலில் உட்கார்ந்து, கடிகாரத்தைக் கழற்றிக் காதோடு வைத்து, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். சுருதி சேராத பியானோவில் கிடைக்காத ஏதோ ஒன்று அந்த டிக் டிக்கில் கிடைத்தது போலும்; முகத்தில் அப்படியொரு சாந்தம். இத்தனை நாள் அந்த மனுஷரைச் சபித்தேனே என்று எனக்கே கொஞ்சம் வெட்கமாயிற்று. செருப்புச் சத்தம் கேளாதபடி மெல்ல அவரைக் கடந்து பத்தடி போயிருப்பேன்.

"தம்பி," என்றது பின்னாலிருந்து ஒரு குரல், "நேரம் கேட்காமலே போகிறீர்களே?"