கேள்வி - பதில்

கேள்வி: கிறிஸ்துமஸ் இரவுத் திருப்பலிக்கு நண்பர் கூப்பிடுகிறார். இந்துவான நான் சர்ச்சுக்குப் போகலாமா? அங்கே என்ன செய்வது?
- வாசகர், ராசிபுரம்

பதில்: தாராளமாகப் போங்கள்! பக்கத்தில் இருப்பவர் எழுந்தால் எழுங்கள், உட்கார்ந்தால் உட்காருங்கள். நற்கருணைக்கு வரிசை நகரும்போது மட்டும் இடத்தை விட்டு அசையாதீர்கள். அது திருமுழுக்குப் பெற்ற கத்தோலிக்கர்களுக்கு உரியது. பூசை முடிந்து கேக் தட்டு வந்தால் தயங்காதீர்கள்; அதற்கு ஞானஸ்நானச் சான்றிதழை யாரும் கேட்பதில்லை.

கூச்சமாக இருக்கிறதா? 1623-இல் காவி உடுத்தி வந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலியை, உங்கள் பக்கத்துச் சேந்தமங்கலத்தை ஆண்ட ராமச்சந்திர நாயக்கர் வரவேற்று உபசரித்தார். நானூறு வருஷத்துக்கு முன் நம் பக்கம் வைத்த மொய் அது. இப்போது திரும்பி வருகிறது, வாங்கிக்கொள்ளுங்கள்!