செவப்புச் சன்னலும் கொடை ராத்திரியும்

வாலே பேராண்டி. தோள்ல என்ன, அக்ஃபா ஐசோலெட்டா? மியூனிக்குல செஞ்ச மடக்குக் கேமராப் பெட்டி. என்னையப் பழசுன்னு திண்ணைக்குத் தள்ளிட்டு அதை மட்டும் காசு குடுத்து வாங்கியிருக்க. சரி. கையில டெல்டா 3200 பிலிம் ரோலு வேற! அம்மன் கொடை ராத்திரியைப் பகலாக்கிப்புடுவ போல.

டப்பால போட்டிருக்க நம்பரை நம்பிட்டியாக்கும்? அதோட சொந்த வேகம் 1000ம் பக்கந்தாம்லே. மிச்சத்த டெவலப்பர்ல கூடுதல் நேரம் போட்டுத்தான் இழுக்கணும். கழுவுறவன்கிட்ட அதச் சொல்லாம ரோலக் குடுத்துட்டு, படம் வெளுத்துப் போச்சுன்னு அவன் சட்டையப் பிடிக்காத.

மாட்டுறதுக்கு முன்னாடி இருட்டு ரூமுல துருத்திக்குள்ள டார்ச்ச விட்டுப் பாரு. மடிப்பு மூலையில நட்சத்திரம் மின்னுச்சுன்னா, ஆகாயத்தப் படம் எடுக்க வெளிய போகவே வேண்டாம். இந்த ரோலு ஊர்வம்பு கேக்குற கெழவி மாதிரி. எந்தச் சந்துல வெளிச்சம் வந்தாலும் வாங்கி வச்சுக்கிடும். பின்னாடி நம்பர் பாக்க ஒரு செவப்புச் சன்னல் இருக்கே, அது செவப்பே தெரியாத அந்தக் காலத்து பிலிமுக்காக வச்சது. உன் ரோலுக்குச் செவப்பு நல்லாவே தெரியும். நிழலுக்குத் திரும்பி, சன்னலத் தொறந்து, சுத்தி, உடனே சாத்து. நீ டியூப்லைட்டுக்கு அடியில தொறந்து போட்டுட்டு மாமன் மவகிட்டக் கதை பேசுற ஆளு!

பந்தல் வெளிச்சத்துக்கு 4.5 துவாரமும் செகண்டுல 25ல ஒரு பங்கும் போதும். உடனே ஷட்டரப் பி-ல வச்சு அமுக்கிக்கிட்டு நிக்காத. நிலாவப் பாத்ததும் பெட்டியத் தூக்காத. அது வெயில் காயுற பாறை. இந்த ரோலுக்கு உன் ஷட்டரோட 200ல ஒண்ணே மெதுவு. அப்படியே எடுத்தாலும் 85 மில்லிமீட்டர் லென்ஸுல நெகட்டிவ் மேல நிலா ஒரு மில்லிமீட்டர்கூட வராது. வீட்ல வந்து தூசின்னு தொடைப்ப.

மிச்சத்தக் காலையில வெயில்ல எடுத்துக்கலாம்னும் நெனைக்காத. துவாரத்த எவ்வளவு சுருக்குனாலும் வெளிச்சம் மிஞ்சிரும். ராத்திரியே 12 படத்தையும் முடி. அதுல பத்து மாமன் மவளுக்குத்தான்னு எனக்குத் தெரியும்லே. 25ல ஒண்ணுல அவ தலையத் திருப்புனாலே கலங்கிப்போகும். அவள ஒரு எடத்துல அசையாம நிறுத்த உங்க மாமனாலயே முடியல, நீ நிறுத்திருவியாக்கும்!