எண்பது பிரதி அண்ணன்

பிரிக்பீல்ட்ஸில் மோனோரயில் தூணோரமாக ஜோல்னாப் பையோடு அண்ணன் நின்றால், அவசர வேலை உள்ளவர்கள் எதிர்ச் சாரிக்கு மாறிவிடுவார்கள். பைக்குள் அவருடைய சிற்றிதழ். விலை 5 வெள்ளி. நோட்டை நீட்டினால் வாங்க மாட்டார். "காசு கெடக்கு தம்பி, படிச்சிட்டு சொல்லு." பேசாமல் 5 வெள்ளியையே வாங்கிக்கொண்டிருக்கலாம்.

நாளேடுகள் திரும்பிப் பார்க்காத ஆட்களைத்தான் அவர் எழுதுவார். பச்சை குத்துகிறவர், மோட்டார் சைக்கிள் எக்ஸோஸை அறுத்துத் தெருவை எழுப்புகிறவர், ராப் பாடுகிறவர். யோகி பி நட்சத்திரா குழுவின் 'வல்லவன்' ராப் தொகுப்பு 2006-இல் வந்தபோதே அதைப் பற்றி முதலில் எழுதியது தானே என்பார். அந்த இதழ் மட்டும் ஒரு பிரதிகூடக் கையிருப்பில் இல்லை. கிள்ளான் உறுமி மேளப் பையன்களுக்கு எட்டுப் பக்கம் ஒதுக்கி, தைப்பூசத்தன்று பத்துமலையில் அவர்கள் கையிலேயே கொடுத்தார். போட்டோஸ்டேட்டில் கறுத்துப்போன படத்தை ஒருவன் இப்படியும் அப்படியும் திருப்பினான். "அண்ணே, இது நாங்களா, லாரி டயரா?"

சி. சு. செல்லப்பா 1959-இல் 'எழுத்து' தொடங்கியபோது, 2000 பிரதிக்கு மேல் அச்சிடுவதில்லை என்று அறிவித்தார். அண்ணன் தன் கொள்கையை 80-இல் நிறுத்தினார். எண்பத்தொன்றாவது ஆள் இதுவரை வரவில்லை. வந்தால் சொல்லக் கண்டிப்பான மறுப்பு ஒன்று தயாராக இருக்கிறது. 2007-இல் அச்சில் தொடங்கிய 'வல்லினம்' 2009-இல் இணையத்துக்குப் போனதை இன்னும் மன்னிக்கவில்லை. "தாளு இல்லாம என்னய்யா இதழு?"

தாள்தான் அவருக்குச் சனியும். 16 பக்கத்துக்கு நாலு ஏ4 தாள். மடித்துக் குத்துவதால் 16-ஆம் பக்கமும் முதல் பக்கமும் ஒட்டி வரும்; அதன் முதுகில் இரண்டும் பதினைந்தும். இந்தக் கணக்கைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். கடைத் தம்பி ஒருமுறை தாளை மாற்றித் திருப்பிப் போட்டதில் பாதிப் பக்கங்கள் தலைகீழ். துணிச்சலான சோதனை என்று ஒரு சந்தாதாரர் பாராட்டி எழுதினார். அடுத்த இதழ் நேராக வந்ததும், சமரசம் செய்துகொண்டதாகக் கோபித்துச் சந்தாவை நிறுத்திக்கொண்டார். ஒன்பது பேர் எட்டானார்கள்.

மடிப்பதும் ஸ்டேப்ளர் அடிப்பதும் அண்ணியின் பொறுப்பு. இதழை முழுதாகப் படிப்பவரும் அவர் ஒருவரே. பிழையும் கண்ணில் படும், எழுபது பிரதி அடித்து முடித்த பிறகு. "ஏங்க, அட்டைல 'கலகம்'னு வரணுமா, 'கழகம்'னு வரணுமா?"

பருவ இதழ் நடத்த 1984-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்துறை அமைச்சின் பெர்மிட் வேண்டும். அண்ணன் விண்ணப்பித்ததில்லை. "எப்போ வரும்னு எனக்கே தெரியாது. இதுக்கு ஏது பருவம்?" ஆனாலும் யாராவது தடை செய்யமாட்டார்களா என்ற ஏக்கம் உள்ளுக்குள் உண்டு. போன மாதம் ரோந்து வந்த தமிழ்ப் போலீஸ்காரர் ஒருவர் பிரதியை வாங்கிப் பொறுமையாகப் புரட்டினார். அண்ணன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றார்.

"திருவிழா எந்தக் கோயில்லண்ணே?"

"இது கோயில் நோட்டீஸ் இல்ல சார். வச்சுக்குங்க, காசு வேணாம். படிச்சிட்டு சொல்லுங்க."

மறுநாள் மாலையிலிருந்து அந்தப் போலீஸ்காரரும் எதிர்ச் சாரியில்தான் ரோந்து போகிறார்.