இன்ஜினீயரும் பறப்பார்!

கேள்வி: விமானப்படையில் பைலட் பறக்கிறார், இன்ஜினீயர் கீழே நின்று கையசைக்கிறார். அவ்வளவுதானா?
- பொறியியல் மாணவி, பெரம்பலூர்

பதில்: கையசைக்க அவருக்கு நேரமிருக்காது, அவரும் மேலேதான் இருப்பார்! பறக்கும்போதே எந்திரத்தின் நாடியைப் பார்த்து, கோளாறைக் கண்டுபிடித்து பைலட்டுக்குச் சொல்பவர் ஃபிளைட் இன்ஜினீயர். அந்தப் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியப் பெண், சண்டிகரின் ஹினா ஜெய்ஸ்வால்.

2015 ஜனவரி 5 அன்று பொறியியல் பிரிவில் அதிகாரியானார். முதலில் ஏவுகணைப் பிரிவில் பணி; எதிரி விமானத்தைத் தரையிலிருந்து வீழ்த்தும் குழுவுக்குத் தலைமை. ஃபிளைட் இன்ஜினீயர் பணி 2018-ல்தான் பெண் அதிகாரிகளுக்குத் திறந்தது. ஹினா உடனே பெங்களூரு எலஹங்கா தளத்தின் 112-வது ஹெலிகாப்டர் பிரிவுக்குப் பயிற்சிக்குப் போனார். ஆறு மாதம், ஆண்களுக்கு உள்ள அதே பாடம், அதே கெடுபிடி. 2019 பிப்ரவரி 15-ல் தேறினார்.

சென்னையில் பிறந்த டாக்டர் விஜயலட்சுமி ரமணன் விமானப்படையின் முதல் பெண் அதிகாரியானது 1955-ல். மருத்துவருக்குத் திறந்த கதவு ஃபிளைட் இன்ஜினீயருக்குத் திறக்க அறுபது ஆண்டுக்கு மேல் ஆனது பெரிய அநியாயம். இத்தனை காலத்தில் எத்தனை திறமைசாலிகளை இழந்தோமோ!

இனி உங்கள் முறை. பெரம்பலூரோ அரியலூரோ, தேர்வு ஒன்றுதான்: விமானப்படை ஆண்டுக்கு இரண்டு முறை நடத்தும் பொது நுழைவுத் தேர்வான அஃப்கேட். வயது 20 முதல் 26. பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல் இரண்டிலும் 50 சதவீதமும், பட்டப்படிப்பில் 60 சதவீதமும் கைவசம் இருக்கட்டும்.